வலிக்காத புண்ணுக்கு யார் வருவார்?

எங்கள் ஊர்ப்பக்கம் பல் டாக்டரிடம் யாரும் சும்மா வருவதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் கடைவாய் குடைந்திருக்க வேண்டும், கன்னம் வீங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் கல்யாணம் நெருங்கி முன்பல் கறை திடீரென்று கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுவதெல்லாம் பற்பசை விளம்பரத்தோடு சரி. கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இதில் பெரிய மனக்குறை கிடையாது. வலித்தால் டாக்டர், வலி நின்றால் வீடு என்பதுதான் மனுஷ சுபாவம். என் முழங்காலை நானும் அப்படித்தான் நடத்திவருகிறேன்.

ஆனால் வாய்ப் புற்றுநோய் இந்தக் கணக்கில் வராது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொண்ட புண் உயிரை எடுக்கும். பத்து நாளில் ஆறியும் போகும். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படிந்திருக்கும் திட்டோ மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் கொடுக்காது. அது வலிக்க ஆரம்பித்து ஆள் டாக்டரைத் தேடும்போது, பல சமயம் ஆழமாக இறங்கியிருக்கும். ஆகையால் அந்தத் திட்டைக் காட்டுவதற்கென்று யாரும் வரப்போவதில்லை. வேறொரு பல்லுக்காக வாயைத் திறந்து சாய்ந்திருக்கும்போது நாமாகப் பார்த்தால்தான் உண்டு.

எத்தனை பேருக்கு அப்படிப் பார்க்கப்படுகிறது? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுக்காரர்களிடம் வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை எப்போதாவது நடந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம் என்றவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம். அதே நாட்டில் 2022-க்கான மதிப்பீட்டின்படி ஒரே ஆண்டில் உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1,44,000 பேர். இறந்தவர்கள் சுமார் 80,000 பேர். உலகத்தில் இந்த நோய் வந்த மூன்று பேரில் ஒருவருக்கு மேல் நம் ஆள். இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாயைப் பார்க்க வேண்டும் என்று அரசுத் திட்டமும் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பரிசோதனை என்றதும் ஸ்கேன், இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல வெளிச்சம், இரண்டு மவுத் மிரர், ஒரு துண்டு காஸ் துணி, கையுறை போட்ட விரல். அவ்வளவுதான்.

முதலில் வாயைக் கொப்பளிக்கச் சொல்வேன். வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு கொப்பளிப்பு போதாது. தண்ணீர் வெளுக்கும்வரை விடமாட்டேன். பல் செட் போட்டிருந்தால் கழற்றச் சொல்வேன். இங்கேதான் சிலர் முகம் மாறும். மருமகள் கூட வந்திருக்கிறாள், அவள் முன்னால் எப்படி என்று ஒரு தயக்கம். கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்தால் செட் தானாகக் கைக்கு வந்துவிடும். செட்டின் விளிம்பு அழுத்தும் இடத்தில் என்ன இருக்கிறதென்று செட்டைக் கழற்றாமல் யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் தாடைக்கு அடியிலும் கழுத்தின் இரு பக்கமும் விரலை ஓட்டி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பல் வீக்கத்துக்குக் கட்டும் நெறி தொட்டால் வலிக்கும், விரலுக்கடியில் நகரும். வலிக்காமல், கல் மாதிரி, நகராமல் இருப்பதுதான் கவலை. பிறகு உதட்டை மடித்துப் பார்ப்பது, கன்னத்தை இழுத்து வாயோரத்திலிருந்து கடைசிப் பல்லுக்குப் பின்னால் வரை பார்ப்பது. கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானித்துப் பார்ப்பேன். புகையிலையைக் கொடுப்பில் அதக்கிக்கொள்ளும் இடம் அது. மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் நாக்கின் ஓரத்தையும் நாக்குக்கு அடியையும் முதலில் பார்க்கச் சொல்லும். நம்மூரில் இந்தப் பள்ளத்தில் வருவது ஏராளம். ‘இந்திய வாய்ப் புற்றுநோய்’ என்றே இதற்கு டாக்டர்களிடையே ஒரு பெயர் உண்டு. எந்தப் பக்கம் அதக்குவீர்கள் என்று கேட்டால் பலர் யோசிக்காமல் அந்தக் கன்னத்தைத் தொட்டே காட்டுவார்கள்.

நாக்கை நீட்டச் சொல்லி நுனியைக் காஸ் துணியால் பிடித்து ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்க ஓரம் பின்வரை தெரியும். துணி இல்லாமல் பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். நாக்கை அண்ணத்தில் ஒட்டச் சொல்லி அடிப்பக்கத்தைப் பார்ப்பது அடுத்தது. அங்கே ஒரு விரல் வாய்க்குள், மறு கை தாடைக்கு அடியில் என வைத்து நடுவே இருப்பதைத் தடவிப் பார்க்க வேண்டும். கடைசியாக ‘ஆ’ சொல்லச் சொல்லி அண்ணம், தொண்டை வாசல். நாக்கின் வேரிலும் டான்சிலிலும் ஒளிந்து வருவது எங்கள் கண்ணாடிக்கு எட்டாது; அது காது மூக்குத் தொண்டை டாக்டர் பார்க்க வேண்டிய இடம். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் ஆகலாம்.

கண்ணைவிட விரலை நம்ப வேண்டும் என்பது என் கட்சி. பார்ப்பதற்குச் சாதாரண வாய்ப்புண் போல் இருப்பதை விளிம்பில் தொட்டால் உள்ளே தடித்து, கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டித்தன்மையை விரல் தவிர வேறெதுவும் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

காட்டவே வராதவர்களுக்கு நேர் எதிர்க் கோஷ்டி ஒன்றும் உண்டு. வாயில் ஒன்றுமே இல்லாமல் பயந்து வருகிறவர்கள். பெரும்பாலும் படித்த இளைஞர்கள். கைபேசி விளக்கை அடித்து வாயைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். நாக்கின் பின்னோரத்தில் இரு பக்கமும் வரிவரியாக இருக்கும் மேடு பிறந்ததிலிருந்தே இருப்பது. அதை முதல்முறை கண்ணாடியில் பார்த்தவருக்கு அன்று தூக்கம் போச்சு. கன்னத்தில் பல் கடிக்கும் மட்டத்தில் ஓடும் வெள்ளைக் கோடு, உதட்டுக்குள் மஞ்சள் புள்ளிகள், அண்ணத்தின் நடுவே எலும்பு மேடு, தேசப்படம் போல இடம் மாறும் நாக்குத் திட்டு, இதெல்லாம் பயப்பட வேண்டியவையே அல்ல. வெள்ளைப் படலத்தைத் துணியால் துடைத்தால் வந்துவிடுகிறதா? அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்தில் போகும். துடைத்தும் வராத வெள்ளை என்றால் பேச்சு வேறு. வெள்ளையைவிடச் சிவப்பு மோசம். வெள்ளையும் சிவப்பும் கலந்து கிடந்தால் நான் அதைச் சும்மா விடுவதில்லை.

புண் என்றால் இரண்டு வாரக் கணக்கு. உடைந்த பல்லின் கூர் குத்திக்கொண்டிருந்தால் அதைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வேன். காரணத்தை எடுத்த பிறகும் ஆறவில்லை என்றால் அங்கிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இந்த இரண்டு வாரத்துக்கு நம் வீடுகளில் பெரிய எதிரி மணத்தக்காளிக் கீரை. கீரைமேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் நானே இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வேன். ஆனால் வாயில் எந்தப் புண் வந்தாலும் உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, மணத்தக்காளி ஒரு மாதம், இளநீர் ஒரு மாதம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பி காம்ப்ளெக்ஸ் ஒரு மாதம், தடவுகிற ஜெல் இரண்டு டியூப் என்று போகும் பாருங்கள், அந்தக் காலம்தான் போய்விடுகிறது. மருந்துக்கடைக்காரரைச் சொல்லி என்ன பயன்? எங்கள் தொழிலிலேயே இது நடக்கிறது. கீழ்த்தாடையில் இரண்டு பல் ஆடுகிறது என்று போன ஒரு அம்மாவுக்கு வேறொரு இடத்தில் பல்லை எடுத்துவிட்டார்கள். பல் எடுத்த குழி ஆறவில்லை. மறுபடி போக, கழுவி மருந்து வைத்தார்கள். மூன்றாம் முறை அவர் என்னிடம் வந்தபோது குழியிலிருந்து சதை மேலே வளர்ந்திருந்தது. பல் ஆடியதே அடியில் இருந்த கட்டியால்தான். ஒரு வாயில் மற்றப் பல்லெல்லாம் உறுதியாக நின்று, ஒன்றிரண்டு மட்டும் காரணமில்லாமல் ஆடினால் பிடுங்குவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது கல்லூரியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான்.

எங்கள் மண்ணுக்கு இந்த நோய் புதிதல்ல. எனக்குப் பக்கத்து ஊர் நெய்யூர். 1838-இல் லண்டன் மிஷன்காரர்கள் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இருந்த பென்டால் என்ற டாக்டர் 1908-இல் திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1933-இல் ஆர் என்பவர் திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களின் வாய்ப் புற்றுநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் மலையேறிய சோமர்வெல், முதல் பயணம் முடிந்து ஊர் சுற்ற வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். எங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு அவர் பெயர் வீட்டுப் பெயர். அன்று யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலேறித் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்தது. ஆக, இந்த வட்டாரத்தில் வெற்றிலைப் பெட்டிக்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள உறவு அச்சேறி ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. என் சேரில் உட்காரும் பாட்டா மட்டும் இன்றைக்கும், “எங்கப்பன் தொண்ணூறு வயசு வரைக்கும் போட்டாரே, அவருக்கு என்ன வந்துது?” என்று கேட்பார். தொண்ணூறு வயதுவரை இருந்தவர்களைத்தானே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

“புகையில போடல டாக்டரே, வெறும் பாக்குதான்” என்பது அடுத்த வாதம். லியோனில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985-லேயே குற்றவாளிப் பட்டியலில் வைத்தது. 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை சேராத வெற்றிலையையும், பாக்கைத் தனியாகவும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டது. பாக்கு செய்யும் இன்னொரு வேலை வாயை இறுக்குவது. அதிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்துச் சதையின் அடியில் நாரை வளர்த்து, ரப்பர் போல் இழுபட வேண்டிய கன்னத்தைத் தோல்வார் ஆக்கிவிடும். பான் மசாலாப் பொட்டலம் போடும் இருபது வயதுப் பையன்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். மீன் குழம்பின் காரம் முன்பெல்லாம் ஒன்றும் செய்யாது, இப்போது எரிகிறது என்பார்கள். அதுதான் முதல் அடையாளம். அவரவர் விரல் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்வேன். மூன்றும் போனால் நல்லது. இரண்டுதான் போகிறதென்றால் பையன் சிரிப்பை நிறுத்திவிடுவான். பழக்கத்தை விட்டால் மேற்கொண்டு இறுகுவது குறையும், இறுகியது அவ்வளவாகத் திரும்பி வராது. இந்த இறுக்கமுள்ள வாயில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். தமிழ்நாட்டில் 2013-இலிருந்து குட்கா, பான் மசாலாவுக்குத் தடை. பையன்களுக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது என்பது எனக்கே தெரியும் என்றால் மற்றவர்களுக்குத் தெரியாதா என்ன.

சரி, இப்படிப் பார்ப்பதால் உயிர் பிழைக்கிறதா? இதற்குப் பதில் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து நேர் பஸ்ஸில் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தில்தான் உலகத்தின் மிக முக்கியமான ஆய்வு நடந்தது. மண்டலப் புற்றுநோய் மையம், எங்கள் ஜனங்கள் வாயில் ‘ஆர்.சி.சி.’, 1996-இல் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்தது. 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 1,92,000 பேர். ஒரு பாதியில் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். டாக்டர்கள்கூட இல்லை. மறு பாதியில் வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். சங்கரநாராயணனும் உடனிருந்தவர்களும் 2005-இல் லான்செட்டில் வெளியிட்ட முடிவு: வாய் பார்க்கப்பட்ட பக்கம் வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 77 பேர், மறுபக்கம் 87 பேர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட வேண்டிய அளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் இறப்பு விகிதம் 34 சதவீதம் குறைந்திருந்தது. அது தற்செயல் அல்ல.

இந்த ஆய்வை வைத்து இரண்டு பக்கமும் சண்டை போடுவார்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2013-இல், அறிகுறியே இல்லாதவர்களுக்குப் பொது மருத்துவர்கள் இதைச் செய்யலாமா கூடாதா என்று சொல்லச் சான்று போதவில்லை என்றது. அது பல் டாக்டர்களுக்குச் சொன்னதல்ல. அங்கத்தி வாயும் நம் வாயும் ஒன்றல்ல. சேரில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று நிமிடம் கூடச் செலவழிப்பதால் குடி முழுகிவிடாது, எல்லோருக்கும் பார்த்துவிடலாம் என்பது என் எண்ணம். துரத்திப் பிடித்துத் திரும்ப வரவழைப்பதை மட்டும் பழக்கம் உள்ளவர்களிடம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வில் எனக்கு மனத்தில் தைத்தது வேறொரு எண். வீடு தேடிப்போய்ப் பார்த்ததில் சந்தேகப்படும்படி ஏதோ இருக்கிறது, டாக்டரிடம் போங்கள் என்று 5,145 பேரிடம் சொன்னார்கள். போனவர்கள் 3,218 பேர். நூற்றுக்கு 63. எழுத்தறிவுக்குப் பெயர் போன கேரளத்தில், வீட்டு வாசலுக்கே வந்து சொல்லியும், மூன்றில் ஒருவருக்கு மேல் போகவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த மூன்றில் ஒருவர் என் சேரிலும் தினமும் உட்கார்கிறார்.

குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர் உடைந்த கடைவாய்ப் பல்லை எடுக்க வந்தார். இடது கொடுப்பில், கீழ் ஈறை ஒட்டி, வெள்ளைக்குள் சிவப்புப் பொட்டுகளாக ஒரு திட்டு. விரல் நுனி அகலம்கூட இருக்காது. கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன்.

“நோவு ஒண்ணும் இல்லியே டாக்டரே.”

“நோவு இல்லாததுதான் அண்ணே எனக்குக் கவலையா இருக்கு. சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிப் பாத்துடலாம்.”

“இப்பம் பல்ல எடுத்து விடுங்க. மத்தது மழைக்காலத்துல பாப்போம்.”

மழை பெய்தால் ரப்பரில் வெட்டு இருக்காது. வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக அந்த நாள்தான் தோது. அவர் கணக்கில் தப்பே கிடையாது. வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டேன். அவருக்கோ வேறு பயம்: “கத்தி வச்சா பரவிரும்னு சொல்லுவாவளே மக்ளே.” இந்தப் பயம் படிப்பு பார்த்து வருவதில்லை. எம்.எஸ்ஸி. படித்தவரும் கேட்பார். முற்றிய நோயில் அறுத்து, பிறகு பிழைக்காமல் போனவர்களைப் பார்த்த அனுபவத்தில் ஊர் கட்டிக்கொண்ட முடிவு அது. அறுத்ததால் பரவவில்லை, பரவிய பிறகு அறுத்தார்கள் என்று விளக்க வேண்டும். பல் எடுக்கப் போடுகிற அதே மரப்பு ஊசிதான், பல் எடுப்பதைவிடச் சின்ன வேலை, அரிசி மணி அளவு சதை, ஒரு தையல் என்று சொன்னேன்.

அப்புறம் ஒரு தந்திரம் செய்தேன், அதைத் தந்திரம் என்றே ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு உடைந்தது ஒரு பல். பக்கத்துப் பல்லும் சொத்தை, அதை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம். பிடுங்குவது இன்றைக்கு, பக்கத்துப் பல் வேலை அடுத்த வாரம், அன்றைக்கே இந்தத் துண்டும் எடுத்துவிடலாம் என்று முடிச்சுப் போட்டுவிட்டேன். பல்லுக்காக வந்தார். சோதனை முடிவில் புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கிய திசு மாற்றம் என்று வந்தது. அதை முழுதாக எடுத்தார்கள். பொயிலையைக் குறைத்திருக்கிறேன் என்கிறார், விட்டுவிட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் இருக்கிறாரே, அதுவே பெரிது.

பல் டாக்டரின் சேர் இந்த வேலைக்கு ஏன் தோதான இடம் என்றால் இதனால்தான். திருவனந்தபுரத்தில் வீடு தேடிப் போனவர்கள் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எங்களிடம் வந்தவரோ மறுபடி வந்தே தீர வேண்டும். வேர் சிகிச்சைக்குப் பல தடவை, கேப் ஒட்ட ஒரு தடவை. பல் செட் என்றால் அளவெடுக்க, மெழுகில் வைத்துப் பார்க்க, போட, உறுத்துகிற இடத்தைத் தேய்க்க என்று நடையாய் நடப்பார்கள். பாதி பணமும் கட்டியிருப்பார்கள். இரண்டு வாரம் கழித்துப் புண்ணை மறுபடி பார்ப்பதற்குத் தனியாக வரச் சொன்னால் வரமாட்டார். கேப் ஒட்டுகிற நாளை இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் வருவார்.

அப்படியிருக்க நாங்கள் எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை? முதல் காரணம் வெட்கப்பட வேண்டியது: இதற்குக் கட்டணம் கிடையாது. பல் அடைத்தால் காசு, கேப் போட்டால் காசு, கன்னத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை. எங்கள் நோயாளி அட்டையையே பாருங்கள். 32 பல்லுக்கும் கட்டம் போட்டிருக்கும். கன்னம், நாக்கு, அண்ணம் எழுத ஒரு வரிகூடப் பல அட்டைகளில் இருக்காது. எழுத இடம் இல்லாததைப் பார்க்கவும் தோன்றாது. நான் அச்சடிக்கக் கொடுத்தபோது கீழே ஒரு வாய்ப் படமும் கழுத்துக்கு ஒரு கோடும் சேர்க்கச் சொன்னேன். இரண்டாவது காரணம் பயம். பார்த்துவிட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த ஆள் திரும்ப வராமல் போகலாம், ‘அவங்ககிட்டப் போனா கேன்சர்னு பயமுறுத்துவாங்க’ என்று ஊரில் பேசலாம்.

இந்த இரண்டையும் தீர்க்காமல், கருவி வாங்கினால் சரியாகிவிடும் என்று விற்க வருகிறவர்கள் உண்டு. நீல வெளிச்சம் அடித்துப் பார்க்கும் விளக்கு, தடவினால் நிறம் பிடிக்கும் சாயம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, சந்தேகமான திட்டு இருந்தால் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும், இந்த விளக்குகளை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. நீல விளக்கில் வெறும் அழற்சியும் கறுப்பாகத்தான் தெரியும். காஸ் துணி வாங்கும் காசில் முடிகிற வேலைக்கு லட்சக்கணக்கில் எதற்கு?

நோய் என்று உறுதியாகிவிட்டால் பேச்சு ஆர்.சி.சி.யா ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியா என்று போகும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடுவேன். பலருக்கு அட்டை பெட்டியில் இருக்கும், அது இதற்கு உதவும் என்று தெரியாது. அங்கே போய்விட்டு வந்து என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: புண் நாக்கில், கழுத்தை எதற்கு அறுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் தொடக்கநிலை வாய்ப் புற்றுநோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கட்டியோடு சேர்த்துக் கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு நெறி வந்தால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், காத்திருந்த குழுவில் 67.5 சதவீதம். 2015-இல் வந்த முடிவு இது. தொட்டுப் பார்த்தால் தெரியாத நெறிக்குள்ளும் நோய் போயிருக்கலாம் என்பதால்தான் கழுத்துத் தையல். இதை ஒரு காகிதத்தில் கழுத்துப் படம் வரைந்து சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்திருக்கும் பையன்கள் விஷயத்தில் எனக்கு வழி தெரியவில்லை. உள்ளங்கையில் கைனிப் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கி உதட்டுக்குள் வைக்கும் பழக்கம் பலருக்கு. பல் வலிக்கு வருவார்கள், இந்தி தெரிந்த மேஸ்திரி கூட வருவார், மேஸ்திரி வழியாகத்தான் எல்லாம். அடுத்த வாரம் வேலை எந்த ஊரில் என்று அவர்களுக்கே தெரியாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பல்லே இல்லாதவர்கள். வயது, வெற்றிலை முறுக்கான் போட்ட வருஷக்கணக்கு எல்லாவற்றையும் பார்த்தால் முதலில் பார்க்க வேண்டிய வாய் அவர்களுடையது. பல் போனபின் பல் டாக்டரிடம் அவர்களுக்கு என்ன வேலை? ஆனால் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதென்னவோ அவர்கள்தான். அதனால் பிள்ளையின் வேலை முடிந்ததும், கூட வந்த பாட்டியையும் ஒருதடவை சேரில் உட்காரச் சொல்வது என் வழக்கம்.

சமீபத்தில் ஒரு பாட்டி மடியிலிருந்த வெற்றிலைப் பொதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “பல்லு ஒண்ணுகூட இல்ல மக்ளே, என்னத்த பாக்கப் போற?” என்றார்.

“பல்லு மறைக்காம நல்லா தெரியும் பாட்டி. உக்காருங்க.”

பேத்திக்கு ஒரே சிரிப்பு. தான் உட்கார்ந்திருந்த சேரில் பாட்டி ஏறுவதைப் பார்த்ததும், “பாட்டி, வாய நல்லா தொற, அழக்கூடாது” என்று நான் அவளிடம் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னாள். வலது கன்னத்தில் வெற்றிலைக்காரர்களுக்கு வரும் பழுப்பேறிய, சொரசொரத்த தோல். துடைத்தால் கொஞ்சம் உரிந்தது. கீழ் ஈறு மேட்டில் ஒரு வெள்ளைத் திட்டு, மிருதுவாகத்தான் இருந்தது. அட்டை எழுதப் பெயர் கேட்டேன். பல்லில்லாதவளுக்கு எதற்கு அட்டை, துட்டு கேட்பியா என்றார். கேட்கமாட்டேன் என்றதும் பெயரோடு வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பேத்திக்கு அடுத்த பல் அடைக்க வேண்டியது அந்த வாரமே முடித்திருக்கலாம். இரண்டு வாரம் தள்ளித் தேதி கொடுத்திருக்கிறேன்.